வாயினால் அறிக்கையிடாவிட்டால் இரட்சிப்பு இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கர்த்தராகிய இயேசுவை நீ உன் வாயினாலே அறிக்கையிட்டு, தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினாரென்று உன் இருதயத்திலே விசுவாசித்தால் இரட்சிக்கப்படுவாய்." ரோமர் 10:9. கூட்டத்துச் சுவரொட்டியில், கைப்பிரதியின் கடைசிப் பக்கத்தில், வேன் முதுகில் என்று எங்கும் பார்த்துப் பழகிய வசனம். பழகிய அளவுக்குப் புரிந்த வசனமா என்றால் சந்தேகம்தான். வேதபாட வகுப்பிலும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதும் இதைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பதில் சொல்வது, நான் வளர்ந்த சீர்திருத்தத் திருச்சபை மரபிலிருந்து. கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையினரும் வேறு மாதிரி சொல்லும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

இந்த வசனம் இரட்சிப்புக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறதா? வாய் ஒன்று, இருதயம் ஒன்று?

வசனத்தை மட்டும் தனியே எடுத்து வாசித்தால் அப்படித்தான் தோன்றும். மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். உபாகமம் 30ஆம் அதிகாரத்தில் மோசே சொன்னதைப் பவுல் எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். கட்டளை வானத்தில் இருக்கிறதா, யார் ஏறிப்போய்க் கொண்டுவருவது என்று கேட்க? கடலுக்கு அப்பால் இருக்கிறதா, யார் கடந்துபோய் எடுத்துவருவது என்று கேட்க? இல்லை, அது உனக்கு மிகவும் சமீபமாய் "உன் வாயிலும் உன் இருதயத்திலும் இருக்கிறது" என்கிறார் மோசே. பவுல் இதைக் கிறிஸ்துவுக்குப் பொருத்துகிறார். கிறிஸ்துவைக் கீழே கொண்டுவர யாரும் பரலோகத்துக்கு ஏற வேண்டாம், அவரே வந்துவிட்டார். அவரை மேலே கொண்டுவர யாரும் பாதாளத்துக்கு இறங்க வேண்டாம், அவர் உயிர்த்தெழுந்துவிட்டார். உன் பங்குக்கு மிச்சம் இருப்பதெல்லாம் உன் வாய்க்கும் உன் இருதயத்துக்கும் எட்டுகிற தூரம்தான்.

வாய் முன்னாலும் இருதயம் பின்னாலும் வருவதன் காரணமும் இதுவே. மோசேயின் வரிசை அது. 10ஆம் வசனத்துக்கு வந்ததும் பவுல் வரிசையை மாற்றி, "நீதியுண்டாக இருதயத்திலே விசுவாசிக்கப்படும், இரட்சிப்புண்டாக வாயினாலே அறிக்கைபண்ணப்படும்" என்கிறார். 11இல் ஏசாயாவை மேற்கோள் காட்டும்போது விசுவாசத்தை மட்டும் சொல்கிறார். 13இல் யோவேலை மேற்கோள் காட்டும்போது கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்வதை மட்டும் சொல்கிறார். நிபந்தனைகளை எண்ணிப் பட்டியல் போடுகிறவர் இப்படி எழுதமாட்டார். எட்டவே எட்டாது என்று நினைத்தவனுக்கு ஆறுதலாக எழுதிய வசனம் இது. நாம்தான் இதை ஆள் வடிகட்டும் வாசலாக்கிவிட்டோம்.

விசுவாசத்தினாலே மட்டும் நீதிமான் ஆகிறோம் என்று படித்திருக்கிறேன். அறிக்கையும் வேண்டும் என்றால் அதுவும் ஒரு கிரியை ஆகிவிடாதா?

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. லூத்தர் முதல் இன்றைய போதகர்கள் வரை பிடித்துக்கொண்டிருக்கும் தூண் அது. அறிக்கையைக் கூலிபோல நினைத்தால் அந்தத் தூணோடு மோதத்தான் செய்யும். ஆனால் ரோமர் 10:14ஐப் பாருங்கள்: "அவரை விசுவாசியாதவர்கள் எப்படி அவரைத் தொழுதுகொள்வார்கள்?" இங்கே பவுல் வரிசையைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். முதலில் விசுவாசம், அதிலிருந்து கூப்பிடுதல். 1 கொரிந்தியர் 12:3 இன்னும் ஒரு படி போய், பரிசுத்த ஆவியினாலேயன்றி ஒருவனும் இயேசுவைக் கர்த்தரென்று சொல்ல முடியாது என்கிறது. அப்படியானால் அறிக்கையும் கொடுக்கப்பட்டதுதான், சம்பாதித்தது இல்லை.

பிறந்த குழந்தை அழுவதால் அதற்கு உயிர் வருவதில்லை, உயிர் இருப்பதால் அழுகிறது. அதற்காக, அழாத குழந்தையைப் பார்த்துச் செவிலியர் சும்மா இருக்கவும் மாட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை வேறு விதமாகக் கட்டுகிறது. விசுவாசம், திருமுழுக்கு, திருச்சபையோடு ஒன்றித்த வாழ்வு ஆகியவற்றை ஒரே பயணமாகப் பார்ப்பதால், "மட்டும்" என்ற சொல்லை நாம் சொல்லும் விதத்தில் அவர்கள் சொல்வதில்லை. ஆனாலும், வாயால் சொல்லும் ஒரு வாக்கியம் தேவனைக் கடனாளி ஆக்கிவிடும் என்று அவர்களும் சொல்லவில்லை.

சரி, எதைத்தான் அறிக்கையிட வேண்டும்? "நான் இயேசுவை ஏற்றுக்கொண்டேன்" என்றால் போதாதா?

வசனத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அங்கே "நான்" என்று ஒரு பேச்சே இல்லை. இயேசு கர்த்தர், தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினார்: இரண்டும் அவரைப் பற்றிய செய்திகள். நம் சாட்சி நேரங்களில் பெரும்பாலும் நான் எப்படி இருந்தேன், எனக்கு என்ன ஆனது, எப்படி மாறினேன் என்றே கேட்கிறோம். தவறில்லை, ஆனால் பவுல் கேட்ட அறிக்கை அது இல்லை.

"இயேசுவே கர்த்தர்" என்பது முதல் நூற்றாண்டில் இரண்டு பக்கமும் வெட்டிய வாக்கியம். யூதரின் காதில் அது தேவனுடைய நாமத்தையே நாசரேத்து ஊர்க்காரர் ஒருவருக்குச் சூட்டுவது. இஸ்ரவேலின் தேவனாகிய யாவேயைக் குறித்து யோவேல் சொன்னதைத்தான் பவுல் 13ஆம் வசனத்தில் இயேசுவுக்கு எடுத்துக்கொடுக்கிறார். ரோமரின் காதில் அது பேரரசருக்கு எதிரான பேச்சு. சிமிர்னா சபையின் முதிய கண்காணி பாலிகார்ப்பைக் கைதுசெய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், "சீசரே கர்த்தர் என்று சொல்லித் தூபம் காட்டுவதில் என்ன கெட்டுப்போகிறது?" என்று நயமாகத்தான் கேட்டார்கள். மைதானத்தில் கிறிஸ்துவைப் பழிக்கச் சொன்னபோது, 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் ராஜாவை எப்படிப் பழிப்பேன் என்றார். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. அதற்கு முன்பே, கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி தன் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடம் நீங்கள் கிறிஸ்தவர்களா என்று மும்முறை கேட்டதாகவும், கிறிஸ்துவைச் சபித்தவர்களை விட்டுவிட்டதாகவும், உண்மையான கிறிஸ்தவர்களை அப்படிச் சபிக்கவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகவும் குறிப்பிடுகிறார்.

ஆகவே அறிக்கையின் கேள்வி "யார் உன் கர்த்தர்" என்பது. இன்றைக்குச் சீசர் இல்லை. சாதி இருக்கிறது, கட்சி இருக்கிறது, பணம் இருக்கிறது, சில சபைகளில் போதகரே இருக்கிறார்.

பாவ அறிக்கையும் விசுவாச அறிக்கையும் ஒன்றா?

இல்லை. 1 யோவான் 1:9 பேசுவது பாவங்களை அறிக்கையிடுவதை. கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனமும் நம் ஆராதனை முறைமையில் வரும் பாவ அறிக்கை ஜெபமும் அந்த வகை. ரோமர் 10 பேசுவது கிறிஸ்து யார் என்று சொல்வதை. ஆயக்காரன் "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றபோது இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எழுப்புதல் கூட்டத்தில் கையை உயர்த்தி, ஊழியர் சொல்லச் சொல்ல ஜெபத்தைத் திரும்பச் சொன்னேன். நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேனா?

அந்த ஜெபத்தில் நீங்கள் கிறிஸ்துவைத்தான் கூப்பிட்டீர்கள் என்றால், அவர் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் நிச்சயத்தை அந்த இரவின்மேல் கட்டாதீர்கள்.

வேதாகமத்தில் யாரும் யாருக்கும் "எனக்குப் பின்னால் சொல்லுங்கள்" என்று ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்து, முடிந்ததும் "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று அறிவிக்கவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் கூட்டத்தார் "நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்று கேட்டபோது, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார் பேதுரு. பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் அதையே கேட்டபோது, கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி என்றார்கள் பவுலும் சீலாவும். அன்று இரவே வசனம் போதித்து, அன்று இரவே ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். முன்னால் வரச் சொல்லும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வேர்விட்டது. சார்லஸ் பின்னி என்ற பிரசங்கியார் 1830களில் தன் கூட்டங்களில் முன்வரிசையில் ஒரு பெஞ்சை ஒதுக்கி, மனம் கலங்கியவர்களை அங்கே வந்து உட்காரச் சொன்னார். அப்போதே அதற்கு எதிர்ப்பும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி. எல். மூடி, 20ஆம் நூற்றாண்டில் பில்லி கிரகாம் போன்ற பிரசங்கிமார் வழியில் வந்த பெருங்கூட்டங்களும் கைப்பிரதிகளும் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. நம் ஊர் மைதானக் கூட்டத்தின் கடைசிக் கால்மணி நேரம் அந்த வழி வந்ததுதான்.

பழக்கம் புதியது என்பதாலேயே கெட்டது ஆகிவிடாது. பலருக்கு அந்த இரவு உண்மையான தொடக்கம். எனக்குள்ள வருத்தம் வேறு. அட்டையில் பெயர் எழுதி வாங்கி, எண்ணிக்கையை மேடையில் அறிவித்துவிட்டு, அடுத்த வாரம் அந்த ஆள் எந்தச் சபையில் உட்காருகிறார் என்று கேட்காமல் போவதுதான் வருத்தம். ஆண்டுதோறும் அதே கூட்டத்துக்கு வந்து, போன முறை "சரியாகச் சொன்னேனா" என்ற பயத்தில் மறுபடி கையை உயர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஜெபத்தைப் பற்றிக் கேட்பதில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறீர்களா, அவருக்குச் சொந்தமாக இருக்க விரும்புகிறீர்களா என்றுதான் கேட்பேன். ஆம் என்றால், அதுவே அறிக்கை.

பிசாசுகளும் அறிக்கையிடுகின்றனவே?

ஆம், மாற்கு சுவிசேஷத்தில் ஜனங்களுக்கு நடுவில் இயேசு யார் என்று முதலில் உரக்கச் சொல்வது கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் இருந்த அசுத்த ஆவிதான் (1:24). இயேசு அதைப் பேசாதே என்று அதட்டினார். சரியான தகவல் வேறு, சரணடைவது வேறு. "கர்த்தாவே! கர்த்தாவே!" என்பவர்களைப் பற்றிய மத்தேயு 7:21ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் விசுவாசிக்கிறேன். வெளியே சொன்னால் வீட்டைவிட்டே போக வேண்டியதுதான். நான் கிறிஸ்துவை மறுதலிக்கிறேனா?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் பெண்களிடமிருந்து, குரலைத் தாழ்த்தி வரும். ஒரு வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

"மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன் எவனோ, அவனை நானும் பரலோகத்திலிருக்கிற என் பிதாவின் முன்பாக அறிக்கைபண்ணுவேன்" என்று இயேசு சொன்னார். அடுத்த வசனம் மறுதலிக்கிறவனைப் பற்றியது. இந்த வார்த்தையை மெல்லியதாக்க நமக்கு அதிகாரம் இல்லை. யோவான் 12:42இல் வரும் அதிகாரிகளையும் பாருங்கள். அவரிடத்தில் விசுவாசம் வைத்தார்கள், ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்று பயந்து வெளியே சொல்லவில்லை. மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள் என்று யோவான் அவர்களைக் குத்தியே எழுதுகிறார். ஆனால் அதே யோவான், இரவில் வந்த நிக்கொதேமுவையும் யூதருக்குப் பயந்து அந்தரங்க சீஷனாக இருந்த அரிமத்தியா யோசேப்பையும் 19ஆம் அதிகாரம்வரை கூட்டிக்கொண்டு வருகிறார். வெளிப்படையான சீஷர்கள் ஓடிப்போன நாளில், பிலாத்துவிடம் போய்ச் சரீரத்தைக் கேட்டவர் அந்த மறைவான சீஷர். அவர் அதுவரை எப்போது வாயைத் திறந்தார் என்று சுவிசேஷம் விசாரிக்கவில்லை.

அகுஸ்தீன் தன் "அறிக்கைகள்" நூலின் எட்டாம் பகுதியில் விக்டோரினுஸ் என்பவரின் கதையைச் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியில் பெரிய பேராசான். உயிரோடு இருக்கும்போதே சிலை வைக்கப்பட்டவர். வயதான காலத்தில் வேதத்தைப் படித்து விசுவாசித்து, நண்பர் சிம்பிளிகியானிடம் தனிமையில் "நான் கிறிஸ்தவன் என்று தெரிந்துகொள்" என்பார். சபையில் பார்க்கும்வரை நம்பமாட்டேன் என்பார் நண்பர். "சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவன் ஆக்குகின்றன?" என்று சிரிப்பார் இவர். நல்ல கேள்விதான். ஆனால் உள்ளுக்குள் இவருக்கு இருந்தது தத்துவம் இல்லை, செல்வாக்குள்ள நண்பர்களின்மேல் இருந்த பயம். ஒருநாள் திடீரென்று "வா, சபைக்குப் போவோம்" என்றார். ரோமாபுரியில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் உயரமான இடத்தில் நின்று எல்லார் முன்பும் விசுவாசத்தை ஒப்பிக்க வேண்டும். கூச்சப்படுகிறவர்களுக்குத் தனியே ஒப்பிக்கவும் இடம் கொடுத்திருந்தார்கள். மூப்பர்கள் இவருக்கும் அதைக் கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்று மேடையேறினார். ஜனங்கள் அவர் பெயரை வாய்விட்டு முணுமுணுத்துக் கொண்டாடினார்கள். பின்னர் ஜூலியன் பேரரசர் கிறிஸ்தவர்கள் கற்பிக்கக் கூடாது என்று ஆணையிட்டபோது, பதவியை விட்டார்.

ஜப்பானின் கதை இன்னும் கடினமானது. 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. நாகசாகிப் பகுதியில் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டை மக்கள் மிதித்துக் காட்ட வேண்டும், மிதிக்காதவன் கிறிஸ்தவன். மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் மிதித்தார்கள், வீட்டுக்கு வந்து மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள், பிள்ளைகளுக்குத் தாங்களே திருமுழுக்குக் கொடுத்தார்கள். குருக்கள் யாரும் இல்லாமல் ஏழெட்டுத் தலைமுறை இப்படி ஓடியது. 1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டினருக்கென்று நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உராகாமி கிராமத்தார் சிலர் வந்து, பெர்னார்ட் பெத்திஜான் என்ற குருவிடம், "எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான்" என்று மெல்லச் சொன்னார்கள். தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கிராமத்தார் 3,000க்கும் மேற்பட்டோர் ஊர் ஊராகக் கடத்தப்பட்டார்கள். 1873இல்தான் திரும்ப முடிந்தது.

இத்தனை தலைமுறையாக மிதித்தவர்களைக் கிறிஸ்து தம் பிதாவின் முன்பாக மறுப்பார் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மிதித்தது பரவாயில்லை என்று சொல்லவும் வராது. அவர்களே வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்றைக்கே வாசலில் நின்று அறிவித்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடி விழுந்தால் வாங்கப்போவது நான் இல்லை. ஒருவரிடமாவது சொல்லுங்கள்: ஒரு விசுவாசி, ஒரு போதகர், ஒரு தோழி. யாருக்குமே தெரியாத விசுவாசம் நாளாக நாளாக உங்களுக்கே தெரியாமல் போய்விடும். மௌனமாக இருப்பதும் இல்லை என்று சத்தியம் செய்வதும் ஒன்றல்ல. நேரே கேட்டால் பொய் சொல்லாமல் இருக்க மட்டும் பெலன் கேளுங்கள். சொல்லும் வேளை வரும். பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்காத வேளையாகவே வரும்.

சான்றிதழில் "இந்து" என்று இருக்கிறது. மாற்றினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும். மாற்றாமல் இருப்பது மறுதலிப்பா?

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பட்டியல் பழங்குடியினருக்கு இப்படி மத நிபந்தனை எதுவும் இல்லை. ஞானஸ்நானம் எடுத்ததால் சேரியும் வசவும் போய்விடவில்லை. போனது சலுகை மட்டும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. ஆணை அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு மேடையிலிருந்து "சிலுவையைச் சுமக்க வேண்டும்" என்று பதில் சொல்பவர்களில் பலருக்கு இழக்க எதுவும் இருந்ததில்லை. சாதி பிரித்து உட்காரவைக்க ஆலயத்துக்குள்ளேயே சுவர் வைத்த வரலாறு வடக்கன்குளத்தில் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது போனது. கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சில ஊர்களில் போகவில்லை. இயேசுவே கர்த்தர் என்று ஞாயிறுதோறும் உரக்கச் சொல்லிவிட்டு, சம்பந்தம் பேசும்போது சாதியைக் கர்த்தராக வைத்திருக்கிறவர், அடுத்தவரின் சான்றிதழைப் பார்த்து மறுதலிப்பு என்று சொல்லக் கொஞ்சம் கூச வேண்டும்.

ஆனாலும் கேட்டது நீங்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன். பிறப்பிலிருந்து தாளில் இருக்கும் ஒரு சொல் உங்கள் அறிக்கை ஆகிவிடாது. சொன்னவர் நீங்கள் இல்லை. ஆனால் விண்ணப்பத்திலோ நீதிமன்றத்திலோ "நான் கிறிஸ்துவைப் பின்பற்றவில்லை" என்று நீங்களே உறுதிமொழி கொடுக்கும் இடம் வந்தால், அப்போது பேசுவது உங்கள் வாய். சட்டப்படியும் அது சிக்கல், மனச்சாட்சிப்படி அதைவிடப் பெரிய சிக்கல். அந்த இடம் வரும்முன் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் உங்களை நேசிக்கிற ஒரு போதகரிடமும் பேசுங்கள். சட்டம் மாற வேண்டும் என்று கேட்பதும் உண்மையைப் பேசும் ஒரு வழிதான்.

பயந்து ஒருமுறை மறுதலித்துவிட்டேன். இனி வழி உண்டா?

பேதுரு மூன்று முறை மறுதலித்தார், அதுவும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் முன்னால். யோவான் 21இல் இயேசு அவரிடம் மூன்று முறை கேட்டது "ஏன் அப்படிச் செய்தாய்" என்றல்ல, "என்னை நேசிக்கிறாயா" என்று.

சபையும் இந்தக் கேள்வியை ரத்தம் சிந்திப் பேசித் தீர்த்திருக்கிறது. 249இன் இறுதியில் பேரரசர் டேசியுஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்று வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் மணலில் அந்தச் சான்றுச் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன: "எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன்." சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கினார்கள். சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். உயிரோடு திரும்பிய இவர்களைத்தான் அறிக்கையாளர்கள் என்று சபை கொண்டாடியது. அமைதி திரும்பியதும் விழுந்துபோனவர்கள் கதவைத் தட்டினார்கள். சேர்க்கவே கூடாது என்றது ரோமாபுரியில் நோவாத்தியன் என்ற மூப்பரின் தரப்பு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் சில அறிக்கையாளர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கண்காணி சிப்ரியான் இரண்டுக்கும் நடுவில் நின்றார்: வழி உண்டு, ஆனால் அவசரமாக இல்லை, மனந்திரும்புதலின் வழியாக. அவரே அந்தத் துன்பக் காலத்தில் ஒளிந்திருந்தவர், அதற்காக ஏச்சும் வாங்கியவர். 258இல் அடுத்த துன்பம் வந்தபோது ஒளியவில்லை, தலை வெட்டப்பட்டார்.

ஆகவே, வழி உண்டு.

குழந்தைகள், வாய் பேச இயலாதவர்கள், நினைவு தப்பிய முதியவர்கள்?

வாயினாலே என்பது உடல் உறுப்பைப் பற்றிய சட்டம் இல்லை. பேச்சை இழந்த சகரியா எழுத்துப் பலகையில் எழுதினார், அது பேச்சுதான். சைகை மொழியில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் சபையாரைப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. எதையுமே தெரிவிக்க முடியாதவர்களைப் பற்றி: கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தை"க் கண்டார், தூக்கிவந்தவர்களையும் சேர்த்து.

ஞானஸ்நானமே அறிக்கையா?

ஆதிச் சபையில் இரண்டையும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தண்ணீரில் நிற்கிறவரிடம் பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை, பரிசுத்த ஆவியை என்று மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் "விசுவாசிக்கிறேன்", ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முழுக்கு. நாம் சொல்லும் அப்போஸ்தல விசுவாசப் பிரமாணம் இந்தக் கேள்வி பதிலிலிருந்து வளர்ந்ததுதான்.

எத்தியோப்பிய மந்திரி "இயேசுகிறிஸ்துவைத் தேவனுடைய குமாரனென்று விசுவாசிக்கிறேன்" என்று சொல்லும் அப்போஸ்தலர் 8:37ஐப் பலர் ஆதாரம் காட்டுவார்கள். மிகப் பழைய கைப்பிரதிகளில் அந்த வசனம் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. ஆனால் இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியு என்ற கண்காணி அந்த வார்த்தைகளை அறிந்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு முன் அறிக்கை கேட்பது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு அதுவே சாட்சி.

சிசுக்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் முதலில் பதில் சொல்கிறார்கள். பிள்ளை வளர்ந்து திடப்படுத்தலில் தன் வாயால் சொல்கிறது. பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகள், தன் வாயால் சொன்ன பிறகுதான் தண்ணீர் என்கின்றன. ஐந்நூறு ஆண்டு வழக்கு அது. இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. திடப்படுத்தலைப் புதுச் சட்டையும் பிரியாணியுமாக முடித்துவிடும் சபைகள், எதிர்த்தரப்புக்கு வாதத்தை இலவசமாகக் கொடுக்கின்றன என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அப்பா கடைசிவரை வாய்விட்டு எதுவும் சொல்லாமலே போய்விட்டார். அவர் எங்கே?

எனக்குத் தெரியாது. உங்களிடம் தெரியும் என்று சொல்கிறவருக்கும் தெரியாது. காலத்துக்குமுன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 4:5) இப்படிப்பட்ட வீடுகளுக்கும் பொருந்தும். சிலுவையில் தொங்கிய கள்ளன் "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்றதை எழுத லூக்கா இருந்தார். எழுத ஆள் இல்லாத படுக்கைகளில் என்ன சொல்லப்பட்டது என்று யார் கண்டார்? துக்க வீட்டில் ரோமர் 10:9ஐ எதிர்மறையாக்கிப் பிரசங்கம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பவுல் அந்த வசனத்தை அப்படி எழுதவில்லை. சொன்னால் இரட்சிக்கப்படுவாய் என்று வாக்குக் கொடுத்தார். சொல்லாமல் போனவர்களின் பட்டியலை அவர் தயாரிக்கவில்லை.

"வீடு கிடைத்தது என்று அறிக்கை செய், கிடைக்கும்" என்கிறார்களே, அதுவும் இந்த அறிக்கைதானா?

இல்லை. அது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிளம்பிய போதனை. ரோமர் 10 வீட்டு மனை பற்றி எதுவும் பேசவில்லை.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். பாதி நேரம் மனம் சமையலறையில் இருக்கிறது. அது அறிக்கை ஆகுமா?

ஆகும் என்றுதான் நினைக்கிறேன். தனியே என்னால் முழு மனதோடு சொல்ல முடியாத வாரங்களில், பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதில் என் குரலும் கலந்திருக்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனின் அறிக்கையிலும் பாதி சந்தேகம்தான். இயேசு அவன் மகனைக் குணமாக்கினார்.

அடுத்த மாதம் ஞானஸ்நானம். சபையார் முன் பேசச் சொல்கிறார்கள். எனக்கு மேடைப் பயம். என்ன செய்வது?

உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியிலேயே கூச்சமுள்ளவர்களுக்குத் தனியே ஒப்பிக்க இடம் இருந்தது என்று மேலே பார்த்தோம். நம் சபைக்கும் அந்த அளவு பொறுமை இருக்கும். எழுதி வாசிக்கலாம். கேள்விக்கு "ஆம், விசுவாசிக்கிறேன்" என்று பதில் மட்டும் சொல்லலாம். பழைய வாழ்க்கையைக் கறுப்பாக்கி, கண்ணீரோடு நீட்டிச் சொன்னால்தான் சாட்சி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இயேசு கர்த்தர், தேவன் அவரை எழுப்பினார், நான் அவருடையவன் அல்லது அவருடையவள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மைக்கை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், பின்வரிசையில் பாட்டிமார்களுக்குக் கேட்காது.